குறையைத் தேடுவதா, குற்றவாளியைத் தேடுவதா?

நின்றுபோன ஒன்றின் முன்னால் நிற்கும்போது மனித மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. 'என்ன ஆயிற்று?' என்பது ஒன்று, 'யாரால் ஆயிற்று?' என்பது மற்றொன்று. இவற்றுள் எது முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்பது அறவியலின் பழைய சிக்கல்களுள் ஒன்று. குருமடத்தில் நூல்களின் வழியே நாம் படித்த இச்சிக்கலை, பங்கு இல்லத்துக் கொட்டகையில் பதினோர் ஆண்டுகள் உறங்கிக் கிடந்த ஒரு பழைய கார் நமக்கு மீண்டும் பாடமாக நடத்தியது. அந்தப் பாடத்தில் நாம் முதலில் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

அது ஓர் அம்பாசிடர். 1976 ஆம் ஆண்டின் மார்க் மூன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோகும் வரை, அமைச்சரையும் சுமந்தது, வாடகைக்கு ஏறியவரையும் சுமந்தது. நாம் மாற்றலாகிச் சென்ற பங்கிலும் அதற்கு ஒரு வரலாறு இருந்தது. கிளைப்பங்குகளுக்குத் திருப்பலிக்குச் சென்றது அதில்தான். நள்ளிரவில் பேறுகால வேதனையில் துடித்த தாய்மாரை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதில்தான். "சாமி, நான் பிறந்ததே இந்த வண்டியோட பின் சீட்டுலதான்" என்று நம்மிடம் சொல்லிச் சிரித்தவர் ஒருவர் உண்டு.

2012 இல் கொட்டகைக்குள் சென்ற அவ்வண்டி பிறகு வெளியே வரவில்லை. 2023 இல், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த சில வாரங்களில், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதா, பழுது பார்ப்பதா என்று பங்குப் பேரவை கூடிப் பேசியது. சாவியைத் திருகிப் பார்த்தார்களாம், முனகல்கூட இல்லையாம். "பேட்டரிதான் செத்திருக்கும். புது பேட்டரியைப் போட்டு, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினால் ஓடிவிடும்" என்றார் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர். வண்டியைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. ஐந்து நிமிடங்கள் ஆகியிருக்கலாம். அதன்பின் ஒரு மணி நேரம் பேசப்பட்டது வேறு: இத்தனை பெறுமதியான பொருளை இப்படிக் கெடவிட்டவர் யார்?

பேச்சு சுற்றிச் சுற்றி ஒருவர்மேல் வந்து நின்றது. அவ்வண்டியை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய பெரியவர் அவர், எழுபதைக் கடந்தவர். பேரவை உறுப்பினர் அல்லர். விவரம் கேட்பதற்காக அழைக்கப்பட்டு, கதவோரம் நின்றிருந்தார். "நிறுத்திப் போட்டது இவர்தானே. அப்பப்போ பார்த்திருக்க வேண்டாமா?" என்றார் ஒருவர். "சம்பளம் நின்னதும் அக்கறையும் நின்னுபோச்சு" என்றார் இன்னொருவர். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். தலைமை இருக்கையில் இருந்த நாம் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரது மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பொருளுக்குச் சென்றோம்.

மறுவாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அம்பாசிடரோடும் பியட்டோடும் நாற்பது ஆண்டுகள் உழன்ற கைகள். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். வந்தவர் சாவியைக் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு, "சாமி, கடைசியா ஓடினப்போ நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சா? இல்ல, கோளாறு வந்து நின்னுச்சா?" என்று கேட்டார். அங்கிருந்த எவருக்கும் விடை தெரியவில்லை. ஒரு மணி நேரம் பேசிய பேரவையில் இந்தக் கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோளாறு வந்து நின்ற வண்டியும், நல்ல நிலையில் நிறுத்தப்பட்ட வண்டியும் ஒரே நோயாளி அல்ல. முன்னதில் பழைய கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது. பின்னதில் காலம் செய்த வேலை மட்டுமே இருக்கிறது.

இளைஞர் புதிய பேட்டரியுடன் ஆயத்தமாக நின்றார். பாய் கைகாட்டித் தடுத்தார். பல ஆண்டுகள் ஓடாத என்ஜினில், சிலிண்டர்ச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் படலம் வழிந்து கீழே இறங்கியிருக்கும். காப்பின்றி நிற்கும் இரும்பில் ஈரக் காற்றுப் பட்டுத் துரு ஏறும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அந்நிலையில் ஸ்டார்ட்டரின் வலிமையையோ, தள்ளுகிற நால்வரின் வலிமையையோ செலுத்தினால் வளையம் உடையும், சுவர் கீறும். "எழுப்புறோம்னு நெனச்சுக்கிட்டுக் கொன்னுடுவோம் தம்பி" என்றார். 'இது ஏன் ஓடவில்லை?' என்ற கேள்விக்கு முன்னால் அவரிடம் வேறொரு கேள்வி இருந்தது: 'அவசரத்தில் நான் இதற்கு என்ன கேடு செய்துவிடக்கூடும்?'

அன்று அவர் செய்தவை இரண்டே. ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். நீர் கலந்திருந்தால் பால்போல் வெளுத்திருக்கும். ஓடிக் களைத்த எண்ணெயென்றால் கறுத்திருக்கும். இதுவோ தேன் நிறத்தில் இருந்தது. புருவத்தை உயர்த்தினார், ஒன்றும் சொல்லவில்லை. பின்பு நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு எண்ணெய் விட்டு, "ஊறட்டும், நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார். பதினோர் ஆண்டுகள் காத்திருந்த வண்டிக்காக இன்னும் ஓர் இரவு காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லாதிருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கியரை விடுவித்துவிட்டு, முன்புறத் துளையில் ஹேண்டிலைச் செருகி மெல்லத் திருப்பினார். பிளக்குகள் இல்லாத என்ஜின் பெருமூச்சு விடுவதுபோல் ஓசையிட்டுத் தடையின்றிச் சுழன்றது. பாய் நிறுத்திவிட்டுக் கையிலிருந்த ஹேண்டிலைப் பார்த்தார். அது துருப்பிடிக்காமல், கிரீஸ் தடவி, துணி சுற்றி, சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். அச்சுகளுக்குக் கீழே செங்கல் அடுக்கி, டயர்கள் தரையில் அழுந்தாதபடி வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பேட்டரி முன்னமே கழற்றிப் பலகையில் வைக்கப்பட்டிருந்தது. அதன் அமிலம் கசிந்து இரும்பை அரிக்கவில்லை. புகைபோக்கியின் வாயிலிருந்து ஒரு சாக்குத்துணி உருண்டையை இழுத்து எடுத்தார். எலி புகாதிருக்க அடைத்தது.

"இந்த வண்டியை நிறுத்தினது யாரு சாமி?" என்று கேட்டார் பாய்.

பேரவையில் ஒரு மணி நேரம் ஒலித்த அதே கேள்வி. ஆனால் இவர் குரலில் அது வேறாக ஒலித்தது. "சாகட்டும்னு நிறுத்தலை சாமி இவரு. திரும்ப எழுப்பணும்னு நிறுத்தியிருக்காரு" என்றார்.

அதன்பின் நடந்தது ஒழுங்கான விசாரணை. பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று வேண்டும்: சிலிண்டருக்குள் அழுத்தம், தக்க நேரத்தில் தீப்பொறி, தக்க அளவில் எரிபொருள். முதலாவது இருப்பதை ஹேண்டிலே சொல்லிவிட்டது. பிளக்குகளை மாட்டித் திருப்பியபோது நான்கு சிலிண்டர்களும் முறைவைத்துக் கையை எதிர்த்தன. புதிய பேட்டரியை இணைத்து, ஒரு பிளக்கை வெளியே வைத்து என்ஜினைச் சுழலவிட்டபோது தீப்பொறி வரவில்லை. டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். பாயிண்ட்டுகளின் முகத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இடைவெளியை அளவுத்தகடு வைத்து 0.4 மில்லிமீட்டருக்கு ஒட்டி அமைத்தார். மறுமுறை நீலப்பொறி 'சட்'டென்று தெறித்தது. இத்தனை பெரிய வண்டியை மயிரிழை அளவுப் படலம் நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அவர் மாற்றினார். இரண்டை மாற்றிவிட்டு வண்டி ஓடினால், குறை எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும் அல்லவா? கார்பரேட்டரைக் கழற்றியபோது மிதவைக் கிண்ணத்தில் பழுப்புப் பிசின் உறைந்திருந்தது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி காலப்போக்கில் பறந்துவிட, எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகும்; அது மெல்லிய ஜெட் துளைகளை அடைத்துக்கொள்ளும். அத்துளைகளைக் கம்பி விட்டுக் குத்தாமல் கரைப்பானில் ஊறவைத்து ஊதிச் சுத்தம் செய்தார்; குத்தினால் துளையின் அளவு மாறிவிடும் என்றார். பின்பு ஒரு சிறு புட்டியில் புதிய பெட்ரோலை ஊற்றி உயரே கட்டி, குழாய் வழியே நேராகக் கார்பரேட்டருக்கு விட்டார். மூன்றாம் சுழற்சியில் என்ஜின் இருமியது. ஐந்தாம் சுழற்சியில் பிடித்துக்கொண்டது. 1,489 கனசென்டிமீட்டர்க் குரல் கொட்டகையை நிறைத்தது. புட்டி காலியானதும் ஓய்ந்தது. எனவே எஞ்சிய குறை டாங்க்குக்கும் கார்பரேட்டருக்கும் இடையில்தான். பெட்ரோல் பம்ப்பின் டயாபிரம் காய்ந்த தோல்போல் விறைத்திருந்தது. 2023 முதல் எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டதால், பழைய வகை ரப்பரைப் போடாமல், அதைத் தாங்கும் டயாபிரமும் குழாய்களும் வாங்கிவரச் சொன்னார்.

கடைசியாக டாங்க்கைத் திறந்தார். வார்னிஷ் போன்ற நெடி முகத்தில் அறைந்தது. உள்ளே தேயிலைச் சாறு நிறத்தில் பழைய பெட்ரோல் ததும்பி நின்றது. "இது மட்டும் அவரு செஞ்ச தப்பா?" என்று இளைஞர் கேட்டார். பாய் சிறிது யோசித்தார். "மூணு மாசத்துக்கு நிறுத்துறவன் டாங்க்கை நிரப்பி வைப்பான் தம்பி, காத்து இருந்தா ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். வருஷக்கணக்கா நிறுத்துறவன்தான் காலி பண்ணி வைப்பான். மூணு மாசத்துல எடுத்துடுவோம்னு அவருகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க" என்றார்.

அன்று மாலை நாம் பெரியவரின் வீட்டிற்குச் சென்றோம். நடந்ததை அவர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். 2012 இல் கோவில் கூரை வேலை நடந்தபோது, செலவைக் குறைக்க வண்டியை மூன்று மாதம் நிறுத்துவதென்று பங்கு முடிவு செய்தது. 'மூன்று மாதத்தில் எடுத்துவிடுவோம்' என்று அவரிடம் சொன்னார்கள். எண்ணெயை மாற்றினார், டாங்க்கை நிரப்பினார், செங்கல் அடுக்கினார். கூரை வேலை நீண்டது. பங்குத்தந்தை மாறினார். அடுத்து வந்தவருக்கு இருசக்கர வண்டி போதுமானதாக இருந்தது. பெரியவரோ சம்பளம் இல்லாமலே மாதம் ஒருமுறை கொட்டகைக்குப் போய் ஹேண்டிலால் என்ஜினைச் சுழற்றிவிட்டு வந்தார். 2019 இல் தோள்பட்டை இறுகிக் கை தூக்க முடியாமல் போகும்வரை அது நடந்தது. "பேரவையில் இதைச் சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றோம். "வண்டி ஏன் கெட்டுச்சுன்னு என்னைத் திட்டினாங்க சாமி. நான் என்ன செஞ்சேன்னு யாரும் கேட்கலையே" என்றார்.

அன்றிரவு, 1274 இல் மறைந்த புனித தாமஸ் அக்குவினாஸின் இறையியல் தொகுப்பை எடுத்தோம். தீர்ப்பிடுதல் பற்றிய பகுதியில், ஐயத்துக்கு இடமானவற்றை நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டுமா என்று அவர் ஆராய்கிறார். அவர் அங்கே பொருள்களைப் பற்றிய தீர்ப்பையும் மனிதரைப் பற்றிய தீர்ப்பையும் வேறு பிரிக்கிறார். ஒரு பொருளை நாம் எப்படி மதிப்பிட்டாலும் அதனால் அப்பொருளுக்கு நன்மையோ தீமையோ இல்லை. ஆகவே அது உள்ளபடி எதுவோ அதையே கண்டறிய முயல வேண்டும். மனிதரை மதிப்பிடும்போதோ, அம்மதிப்பீட்டாலேயே அவர் பெருமை பெறுகிறார் அல்லது இழிவு அடைகிறார். ஆகவே தெளிவான சான்று இல்லாதவரை அவரை நல்லவராகவே கொள்ள வேண்டும். தீயவர் ஒருவரை நல்லவரென எண்ணிப் பலமுறை ஏமாந்துபோவது, நல்லவர் ஒருவரைத் தீயவரென எண்ணி அரிதாகத் தவறுவதைவிட மேலானது. பின்னதில் ஒருவருக்கு அநீதி இழைக்கப்படுகிறது, முன்னதில் அது இல்லை என்பது அவர் முடிவு.

இந்தப் பகுதியை மாணவப் பருவத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆயினும் பேரவையில் நாம் செய்தது இதன் நேர்த் தலைகீழ். வண்டியிடம் தாராளமாக நடந்துகொண்டோம்: 'பேட்டரிதான், வேறொன்றும் இராது' என்று பார்க்காமலே சொன்னோம். மனிதரிடம் கண்டிப்பாக நடந்துகொண்டோம்: 'அக்கறை இல்லாதவர்' என்று கேட்காமலே சொன்னோம். ஐயுற வேண்டிய இடத்தில் நம்பினோம். நம்ப வேண்டிய இடத்தில் ஐயுற்றோம். பாயோ வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஐயுற்றார். அளந்து பார்க்கும்வரை எதையும் நம்பவில்லை. ஆனால், முன்பின் அறியாத ஒருவரைப் பற்றி, அவர் விட்டுச்சென்ற செங்கலையும் சாக்குத்துணியையும் சாட்சியாகக் கொண்டு நல்லதையே சொன்னார். மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்துத் தரும் வரிசையிலும் நோய் உண்டு, நோயின் காரணம் உண்டு, தணிக்கும் வழி உண்டு. நோயாளியைக் கடிந்துகொள்ளும் படி ஒன்று இல்லை.

அப்படியானால் பொறுப்பு என்று ஒன்றில்லையா, எவரும் எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லையா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுச்சொத்தைக் கெடவிட்டவர்கள் உண்டு. கேட்பாரில்லை என்பதால் துணிந்தவர்களும் உண்டு. இதற்கும் அக்குவினாஸ் அதே இடத்தில் ஒரு வழி சொல்கிறார். தீமைக்கு மாற்றுத் தேடும்போது, மோசமானதே நேரக்கூடும் என்று கொண்டு முன்னேற்பாடு செய்யலாம். பெரிய கேட்டைத் தடுக்கும் ஏற்பாடு சிறிய கேட்டையும் தடுக்கும். அது முன்னெச்சரிக்கையே, எவர்மீதும் தீர்ப்பு ஆகாது. என்ஜின் ஓடத் தொடங்கியபின்னும் பாய் வண்டியை நகர்த்தவில்லை. பிரேக் இராது என்று வைத்துக்கொண்டு, நான்கு சக்கரங்களின் டிரம்மையும் திறந்து பார்த்த பிறகே செங்கல்லை எடுத்தார். காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை இருவரிடம் தருகிறோம். அவ்விருவரும் திருடர் என்றா பொருள்? ஏற்பாட்டில் கண்டிப்பும், ஆளைப் பற்றிய எண்ணத்தில் தாராளமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

'யாரால்?' என்ற கேள்வியையும் நாம் கைவிட வேண்டியதில்லை. அது தன் முறை வரும்வரை காத்திருந்தால் போதும். 'என்ன ஆயிற்று?' என்பதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தபின் வரும் 'யாரால்?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நாம் எதிர்பாராத விடையே கிடைக்கிறது. இவ்வண்டியில் கிடைத்த விடை இதுதான்: மூன்று மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தது பங்கு. பேராலயத் திருவிழாவையும் கூரை நிதியையும் மறவாத நாம் ஓர் எளிய மனிதருக்குக் கொடுத்த சொல்லை மறந்தோம். ததும்பி நின்ற அந்த டாங்க், பெரியவரின் தவறு அன்று. நம் சொல்லின்மேல் அவர் வைத்த நம்பிக்கை. அதுவே கெட்டுப் பிசினாகி வண்டியை நிறுத்தியது. அப்போது நாம் அப்பங்கில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் கதவோரம் நின்ற அன்று நாம் தலைமை இருக்கையில் இருந்தோம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அவரை அழைத்து நம் அருகில் அமர்த்தினோம். எல்லார் முன்னும் இழைத்த அநீதியை எல்லார் முன்னும்தான் சரிசெய்ய வேண்டும். தனியே சென்று கேட்கும் மன்னிப்பு அதற்குப் போதாது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர்மீது முதலில் பேசியவர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப டாங்க்கை நிரப்பி வைக்கட்டுமா சாமி, காலி பண்ணி வைக்கட்டுமா?"

அவர் கேட்டது பெட்ரோலைப் பற்றி மட்டுமன்று என்பது அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது. நிறைவேற்ற முடிகிற வாக்கையே இம்முறை கொடுக்க வேண்டும் என்று பேரவை நெடுநேரம் பேசி முடிவு செய்தது. ஞாயிறுதோறும் இரண்டாம் திருப்பலிக்கு அவ்வண்டி ஒரு கிளைப்பங்கிற்குச் சென்று வரும், செலவு பங்கினுடையது. இளைஞர் ஓட்டுகிறார். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, கியர் மாற்ற வேண்டிய இடம் வரும்போது மட்டும் வாய் திறக்கிறார்.